பித்தான் டப்பா

தையற்கூடத்தில் இயந்திரங்கள் நின்றுவிட்டன. ஆண்டு லாபத்தைப் பங்கிட்டாயிற்று. அவரவர் பங்கு அவரவர் பையில். மிச்சமிருப்பது இங்குள்ள வழக்கம் மட்டும். பழைய பித்தான் டப்பாவுக்குள் ஒவ்வொருவரும் மூடிய கையை விட்டு, மூடிய கையாகவே வெளியே எடுக்க வேண்டும். முடிந்தவர் பணம் போடலாம், தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளலாம். போட்டவர் யார், எடுத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. முதலாளியின் கைதான் முதலில் போகிறது.

“சும்மா கொடுக்கிறவங்களை நான் நம்ப மாட்டேன்க்கா,” என்கிறான் துணி வெட்டுபவன். மனைவி இறந்ததிலிருந்து அவன் இப்படித்தான்.

“உனக்குச் சாமியே நேர்ல வந்து கொடுத்தாலும் ரசீது கேப்பே. போடா, உன் முறை,” என்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிறாள் இஸ்திரி போடும் அக்கா.

அவன் பங்கு ஆஸ்பத்திரிக் கடனுக்கே போய்விடும். ஓர் அறைக்கு முன்பணம் கிடைத்தால் தன் மாமியார் வீட்டில் வளரும் சின்ன மகளை அழைத்து வந்துவிடலாம். கையை உள்ளே விடுகிறான். டப்பாவில் விளிம்புவரை நோட்டுகள். போன முறை அடிகூட நிறையவில்லையே, இந்த முறை எப்படி? நிமிர்கிறான். குழல்விளக்கின் கீழே முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார், துடைத்ததையே துடைக்கிறார். இஸ்திரிப் பெட்டி மட்டும் ஆவி விட்டுச் சீறுகிறது. எல்லோரும் ஒன்றுபோல் வேறெங்கோ பார்க்கிறார்கள். அள்ளியதை அவன் விரல்கள் மெல்ல விடுகின்றன. மூடிய கை வெளியே வருகிறது. அக்கா நிம்மதியாக மூச்சு விடுவது பின்னால் கேட்கிறது. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார். யாரோ சிரிக்க, கூடத்தில் பேச்சு திரும்புகிறது. ஒன்றுமில்லாத கையை அவன் பைக்குள் நுழைத்து, விரல்கள் வலிக்க இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.