கழலாத ஃபேன்

"இன்னும் கழலலையாப்பா?" என்றாள் மகள். காலையிலிருந்து பையை மடியில் வைத்துக்கொண்டு ஷெட் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எங்கேம்மா கழலுது, பிடிவாதம் பிடிக்குது." மெக்கானிக் ஸ்பேனரை இடப்பக்கமாக இன்னொரு தடவை இழுத்தார். வேனில் வாட்டர் பம்ப் ஒழுகியது. அதை மாற்ற, அதன் முன்பக்கம் இருக்கும் ஃபேனைக் கழற்றியாக வேண்டும். மூன்று மணி நேரமாக அது அசைந்து கொடுக்கவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு அவளுக்கு வெளியூரில் இன்டர்வியூ. வேலை கிடைத்தால் அங்கேயே தங்கல்தான். வீட்டில் அப்புறம் அவர் ஒருத்தர்தான். "பஸ்ஸெல்லாம் எதுக்கு, நானே கொண்டுபோய் விடுறேன்" என்று சொன்னவரும் அவரேதான்.

ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியில் தோல் உரிந்தது. அவள் ஓடிவந்து துணி சுற்றிக் கட்டினாள்.

"விடுங்கப்பா, கைதான் முக்கியம். இந்த வேலை இல்லைன்னா இன்னொண்ணு."

அவருக்கு முள்மேல் நிற்பது போலிருந்தது. மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டு. நாலு மணி நேர ஓட்டம். இனிமேல் பறந்தாலும் முடியாது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. இந்த ஃபேன் நட்டு ரிவர்ஸ் மரை. வலப்பக்கம் திருப்பினாத்தான் கழலும். நான் தெரிஞ்சேதான் இடப்பக்கமா இழுத்துக்கிட்டிருந்தேன்."

"தெரியும்பா. நானும் இந்த ஷெட்டுலதானே வளர்ந்தேன்."

"அப்புறம் ஏன் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தே?"

கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க ஏதாவது பண்ணுவீங்கன்னுதான் தேதியை ஒரு நாள் முன்னாடி சொல்லிவெச்சேன். இன்டர்வியூ நாளைக்கு. இப்ப வலப்பக்கம் திருப்புங்க."