ஆளில்லா வீட்டின் விளக்கு

பொழியூரில் கடல் வீட்டைக் கொண்டுபோன பிறகு தாயும் மகளும் தங்கியிருக்கும் ஒற்றை அறையில் அந்தி மங்குகிறது. ஜின்சி கைப்பேசியை இறுகப் பிடித்தபடி காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள். ஆன்லைன் விளையாட்டில் கடற்கரையோரம் ஒரு வீடு. சொந்தக்காரன் பல வாரமாக எட்டிப் பார்க்கவில்லை. “இந்த கேம்ல எத்தற பேரு மனை இல்லாம நிக்கோம்! இன்னைக்கும் அவன் உள்ள வரல்லேன்னா வீட்டை இடிச்சு, மனையைக் குலுக்கல்ல விடுவாவ அம்மா.” “அவன் வரண்டாமுண்ணு ஜெபிக்கியா மக்கா?” செல்லபாய் சிரிக்கிறாள். “பூட்டிப் போட்டா போயிரும். நல்ல நியாயம் ஆக்கும்.” எதிரே இருக்கும் துபாய்க்காரரின் பூட்டிய மாடிவீட்டை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்; அதன் சாவியை ஆணியிலிருந்து எடுக்கிறாள். “லைட்டு போட்டுட்டு வாறேன்.” ஜின்சி நகம் கடிக்கிறாள். சன்னலுக்கு வெளியே ஆளில்லாத அறைகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன. கைப்பேசியிலும் அந்த வீட்டு வாசல் விளக்கு எரிகிறது. சொந்தக்காரனின் பெயரில் யாரோ உள்ளே வந்து போட்டுவிட்டுப் போகிறார்கள்.