இடைவேளையில் வாசித்தவன்

ஒத்திகை அறையின் ஜன்னல் வழியே மதிய வெயில் தரையில் நீண்டு கிடக்கிறது. மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள்; அவனும் அவளும் மட்டும்தான் அறையில். அவன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தபடி அவளுடைய வயலினை வாசிக்கிறான். அவனுடையதில் தந்தி அறுந்து பத்து நாளாகிறது, மாற்றச் சோம்பல். காலையிலிருந்து அவள் முட்டி மோதிக்கொண்டிருக்கும் கடினமான இடம் அவன் வில்லில் அலட்டலில்லாமல் நழுவிப் போகிறது. எதிரே விரித்த தாளை அவன் பார்க்கவேயில்லை. மடியில் செல்போனில் ஏதோ மேட்ச் ஓடுகிறது. இருபது வருஷமாக விடியற்காலையில் எழுந்து பழகுகிறவள் அவள். காய்த்துப்போன விரல் நுனிகளை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்கிறாள்.

பாதியிலேயே நிறுத்தி வயலினை நீட்டுகிறான். "நல்ல வாத்தியம்க்கா."

"நாளைக்குத் தனி வாசிப்புக்கு ஆள் எடுக்கிறாங்களே, பேர் கொடுத்துட்டியா?"

"காலையில ஏழு மணிக்காம். யாருக்கா எழுந்திரிக்கிறது? நீங்க போங்க, உங்களுக்குத்தான் கிடைக்கும்."

அவன் மனதாரத்தான் சொல்கிறான். ஓங்கி ஒரு அறை விட்டு இழுத்துக்கொண்டு போகலாமா என்று அவளுக்குக் கை துறுதுறுக்கிறது. 'நான் வந்து எழுப்புறேன், வாடா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்துவிடுவான். அந்த வார்த்தை தொண்டை வரை வருகிறது.

"சரி, உன் இஷ்டம்" என்கிறாள்.

வயலினைத் தோளில் வைக்கிறாள். மோவாய் பதிக்கும் கட்டையில் அவன் சூடு இன்னும் இருக்கிறது. அதே இடத்தை மெதுவாகத் தொடங்குகிறாள், விரல் தடுக்குகிறது. போனிலிருந்து தலை நிமிராமலே அவன் சரியான சுரத்தை முனகுகிறான்.