அங்கேதான் அதிகம்

அறுத்த வயலில் வாத்துக் கூட்டம் இறங்கியது. வெயில் சாய்ந்ததும் மேய்ப்பவன் அடுத்த ஊருக்கு ஓட்டிவிடுவான். அதற்குள் வயிறு நிறைய வேண்டும்.

சாம்பலி என்ற வாத்து இரண்டு நெல்லைக் கொத்தியதும் நிமிர்ந்து பார்த்தது.

"புள்ளியக்கா, என் பக்கத்தைவிட உன் பக்கம் நெல்லு அதிகமா இருக்கே!"

ஓடி வந்தது. வந்ததும் வரப்போரம் இன்னும் அதிகமாகத் தெரிந்தது. அங்கே ஓடியது. அங்கிருந்து பார்த்தால் மடையடியில் அதைவிட அதிகம்.

"அடியே, நீ தின்னதைவிட ஓடினதுதான்டி கூட," என்றது புள்ளி, குனிந்த தலை நிமிராமல்.

மேய்ப்பவன் கோலைத் தட்டினான். கூட்டம் சாலையேறியது.

"உனக்கு எவ்வளவுக்கா நிறைஞ்சுது?" என்று கேட்டது சாம்பலி.

"கழுத்து வரைக்கும்டி."

"எனக்கு உன்னைவிடக் கொஞ்சந்தான் கம்மி," என்ற சாம்பலி, சாலையில் சிந்திக் கிடந்த உமியை ஒன்று விடாமல் பொறுக்கிக்கொண்டே நடந்தது.