கீழே இருக்கும் எண்

தம்பியிடம் போனில் பேசி முடித்த கையோடு அவள் மகளின் கணக்கு நோட்டைப் பிடுங்கினாள்.

சிறியதிலிருந்து பெரியதாக எழுதச் சொல்லியிருந்தார்கள். மகள் எழுதியிருந்தாள்: 1/2, 1/3, 1/4. இரண்டைவிட மூன்று பெரிசு, மூன்றைவிட நாலு பெரிசு. முடிந்தது கணக்கு!

"மண்டையில என்னதான் இருக்கு உனக்கு? கீழ இருக்கிற நம்பர் ஏற ஏறப் பங்கு சின்னதாகும். எத்தனை தடவைதான் சொல்றது?"

நியாயமாகப் பார்த்தால் இன்றுதான் முதல் தடவை சொல்கிறாள். கோபம் வந்தவளிடம் யார் நியாயம் கேட்பது?

கோபமெல்லாம் தம்பிமேல். புது வீட்டில் இடம் போதாதாம், இனி அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக மாட்டானாம். சொல்ல அவனுக்கு வாய் கூசவில்லை.

உள் அறையில் அப்பா படுத்த படுக்கை. துடைப்பது, துணி மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் வேலைக்குப் போகுமுன் ஒரு முறை, வந்தபின் ஒரு முறை. இடுப்பு விட்டுப்போகிறது.

பென்சிலையும் பிடுங்கிக்கொண்டாள்.

"இங்க பாரு. தாத்தாவைப் பாத்துக்க நாங்க நாலு பேரு, ஆளுக்குக் கால் பங்கு. மாடிப்படி ஏத்த முடியலன்னு பெரிய மாமா கழண்டுக்கிட்டாரு. மூணுல ஒண்ணாச்சு. சித்தி வெளிநாடு போயிட்டா. பாதியாச்சு. இப்ப சின்ன மாமாவும் கைகழுவிட்டான். முழுசும் என் தலையில! எது பெரிசுன்னு இப்பவாவது புரியுதா?"

ஒவ்வொரு பின்னத்தையும் காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினாள். உள்ளே அப்பா காதில் விழும் என்று தெரியும். விழட்டும் என்றுதான் கத்தினாள்.



மகளுக்குப் புரிந்துவிட்டது. பழைய விடையை அழித்துவிட்டு 1/4, 1/3, 1/2 என்று திருத்தமாக எழுதினாள். யாரும் கேட்காமலே கடைசியில் 1 என்றும் எழுதினாள்.

அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து அம்மாவை, அவள் தோளை, கையை, கால்களை, எடை போடுகிறவள் போலப் பார்த்தாள்.

"எனக்குத்தான் கூடப்பிறந்தவங்க யாருமே இல்லையே. உன்னைத் தூக்க என் ஒருத்தியால முடியுமாம்மா?"