சேராத பாகங்கள்

“எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும். கேம் விளையாட.”

மருமகள் சொன்னதைக் கேட்டதும் மாமியாரின் கையிலிருந்த கரண்டி நழுவப் பார்த்தது.

“யாருக்கு?”

“எனக்குத்தான் அத்தை. ஏன், நான் விளையாடக் கூடாதா?”

மாமியார் உள்ளறையை எட்டிப் பார்த்தார். மகன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கம்ப்யூட்டர் மெக்கானிக்காக ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளை. பைக் விபத்தில் வலது கை நசுங்கி, மூன்று விரல் மடங்காமல் போனதிலிருந்து வேலைக்கும் போவதில்லை, பேச்சும் இல்லை. ‘சாப்பிடுறியா?’ என்று கேட்டால் ஒரு தலையாட்டல். அவ்வளவுதான்.

“புருஷன் இப்படிக் கிடக்கறப்போ உனக்கு விளையாட்டு கேக்குதா? நாலு பேர் என்ன பேசுவாங்க?”

“பேசட்டும். என் சம்பளம், என் ஆசை. இப்பவே அவரையும் கூட்டிட்டுக் கடைக்குப் போறேன்.”

“அவன் எதுக்கு? பார்த்துப் பார்த்து நோகறதுக்கா?”

“பை தூக்க ஆள் வேணாமா?” என்றாள், கொஞ்சமும் கூசாமல்.

மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனியாக விட்டால் பிள்ளையை என்ன பாடு படுத்துவாளோ என்று தானும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மகன் மறுப்பு சொல்லவில்லை. அவள் சட்டையை மாட்டிவிட்டதும் பின்னாலேயே நடந்தான்.

மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரி எதிரில் வந்தாள். “ஆஸ்பத்திரிக்கா?” என்றாள் இழுத்து.

“இல்லை. எனக்கு விளையாட்டுச் சாமான் வாங்க” என்றாள் மருமகள், நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கடையில் தரையிலிருந்து கூரைவரை அட்டைப்பெட்டிகள். மகன் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

மருமகள் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி பொறுக்கினாள்.

“இந்த ப்ராசஸர். இந்த போர்டு. கலர் கலரா மினுக்கற ஃபேன் நாலு. பவர் சப்ளை, இருக்கறதுலயே விலை கம்மியானதைக் குடுங்க. மொத்தமும் என் பட்ஜெட்டுக்குள்ள அடங்கணும்.”

கடைக்காரர் தலை நிமிராமல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். விற்றால் போதும் என்கிற ஆள் என்று மாமியாருக்குத் தோன்றியது.

ஸ்டூல் கிரீச்சிட்டது.

“கிராஃபிக்ஸ் கார்டு?” என்றார் கடைக்காரர்.

“அது எதுக்கு? அந்தக் காசுக்கு இதையெல்லாம் உள்ளே வைக்கப் பெரிய கண்ணாடிப் பெட்டியா குடுத்துடுங்க.”

“ஏய்!”

அது யார் குரல் என்று பெற்றவளுக்கே ஒரு கணம் பிடிபடவில்லை.

“கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம என்னத்தை விளையாடுவே? அந்த ப்ராசஸர் இந்த போர்டுல உட்காரவே உட்காராது. அந்தப் பவர் சப்ளை போச்சுன்னா கூட இருக்கற எல்லாத்தையும் கூட்டிட்டுத்தான் போகும். யாரைக் கேட்டு எடுக்கறே?”

“யாரைக் கேக்கணும்? எனக்குப் பிடிச்சதை எடுக்கறேன். பேசாம உட்காருங்க.”

“உட்கார முடியாது!”

எழுந்து வந்துவிட்டான். இடது கையால் ஃபேன் பெட்டிகளை ஒரே தள்ளாகத் தள்ளினான்.

“வெளிச்சத்துக்கெல்லாம் காசு குடுக்க வேணாம். போன வருஷ மாடல் கார்டு காட்டுங்க, அதுவே தாராளம். ரேம் பதினாறு ஜிபியா ஒண்ணு வேணாம், எட்டு எட்டா ரெண்டு, வேகம் கூடும். மிச்சத்தை நல்ல பவர் சப்ளைல போடலாம்.”

பேசுகிற வேகத்தில் வலது கையும் பாக்கெட்டை விட்டு வெளியே வந்து, மடங்காத விரல்களால் ஒரு பெட்டியை நகர்த்திக்கொண்டிருந்தது. அதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

“நாங்களே மாட்டித் தந்துடறோம். அதுக்குத் தனியா காசு கிடையாது” என்றார் கடைக்காரர்.

“வேணாம். உதிரியாவே கட்டுங்க. இவர் மாட்டிடுவார்.”

மகனின் முகம் சட்டென்று விழுந்தது. “எந்தக் கையால?”

“எது இருக்கோ அந்தக் கையால. எத்தனை நாள் ஆனாலும் சரி. வேற யாராவது தொட்டா எனக்கு அந்தச் சாமானே வேணாம்.”

மாமியார் ஒரு அடி முன்னால் வந்தார். அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பார். அதற்குள் மகன் அவளைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

“அப்போ கண்ணாடிப் பெட்டி ஆகாது. ஸ்க்ரூ கம்மியா இருக்கற பெட்டியாப் பார்க்கணும். வா இப்படி!”

இரண்டு பேரும் கடையின் மூலைக்குப் போய், அங்கே நின்று சத்தமாகச் சண்டை போட ஆரம்பித்தார்கள்.

மாமியார் கடைக்காரர் பக்கம் சாய்ந்தார்.

“தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும். சரக்கு இல்லைன்னு ஏதாவது பொய் சொல்லி எங்களை அனுப்பிடு. கை போனவனை இப்படி வதைக்கிறா. இவ விளையாட என் பிள்ளைதான் கிடைச்சானா?”

கடைக்காரர் மூலையைப் பார்த்தார். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

“இன்னிக்குன்னு ஏற்கெனவே ஒரு பொய்க்கு ஒத்துக்கிட்டேன்மா. ரெண்டாவது தாங்காது.”

“என்ன பொய்?”

“நேத்து சாயங்காலம் உங்க மருமக தனியா வந்தாங்க. எதோட எது சேராதுன்னு உட்கார்ந்து பாடம் கேட்டாங்க. கிளம்பறப்போ, ‘நாளைக்கு வந்து எல்லாத்தையும் தப்புத் தப்பாத்தான் எடுப்பேன். நீங்க வாயைத் திறந்துடாதீங்க அண்ணே, அவர் திறக்கணும்’னு சொல்லிட்டுப் போனாங்க.”