கோபுரத்துக்காரி ரேடியோவை அணைத்த நாள்

தொடர் முடிந்து, திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கியும் மாமனார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

பெயர்களுக்குப் பின்னால் வெண்மூட்டம் மிதந்துகொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியேயும் மழைமேகம் தாழ இறங்கி அதே வெண்மைதான். உச்சி மாடியில் இருந்த அந்த வீடும் எங்கோ மெல்ல நகர்ந்து போய்க்கொண்டிருப்பது போலிருந்தது.

மருமகள் இஸ்திரி போட்டபடியே ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள்.

‘தொலைவான்’ தொடரில் ஒரு விண்கலம் மூட்டத்துக்குள் நுழைந்து காணாமல் போய்விடுகிறது. உள்ளே ஒரே ஒரு விமானி. கீழே ஒரு கிரகத்தில், உயரமான கோபுரத்தில், அவன் மனைவி. தினமும் படியேறிப் போய் ரேடியோவில் அவனோடு பேசுவாள். இன்றைக்கு மழை, செடி மொட்டு விட்டிருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரி வம்புக்கு வந்தாள் என்று.

பதிலுக்கு இரைச்சல்தான் வரும். அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள்.

இன்று பாதிப் பேச்சில் நிறுத்தினாள். ரேடியோவை அணைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

மாமனாரின் கைபேசி விடாமல் துடித்தது.

ரசிகர் குழுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். துரோகி என்றாள் கல்லூரி மாணவி ஒருத்தி. அவள் இத்தனை நாள் காத்திருந்ததே பெரிது என்றார் ஒரு பல் டாக்டர். கதை எழுதுகிறவருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது, இழு இழு என்று இழுக்கிறார் என்றார் டாக்ஸி ஓட்டுபவர். அந்தச் சந்தைக்கடைக்கு நடுவே ஒரே கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

கேப்டன் எங்கே? கேப்டன் என்ன சொல்கிறார்?

குழுவில் மாமனாருக்குப் பெயர் கேப்டன். விமானி வருவான் என்கிற கட்சிக்கு அவர்தான் தலைவர்.

மூட்டத்துக்குள் காலம் மெதுவாக ஓடும், அதனால் மூச்சுக்காற்று தீராது என்று முதலில் சொன்னவர் அவர்தான். இரைச்சலுக்கு அடியில் ஒரு தட்டல் சத்தம் இருக்கிறது, விமானிதான் தட்டுகிறான் என்று ஒலியைக் கூட்டிவைத்துக் காட்டியவரும் அவர்தான். யாராவது சந்தேகப்பட்டால் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வார்.

வேலைக் காலம் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவர். “சிக்கினவங்கள உயிரோட வெளிய எடுக்காம நான் வீடு திரும்புனதே இல்ல. உள்ள இருக்கறவனுக்கு வெளியில ஒரு குரல் கேட்டுக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்” என்பார்.

மருமகள் ஒரே ஒரு தடவைதான் மறுத்துப் பேசியிருக்கிறாள். கோபுரத்துக்காரி எத்தனை காலம்தான் தனியாகப் பேசிக்கொண்டிருப்பாள் என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு அவர் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார்.

அதன்பிறகு அவள் வாயைத் திறப்பதில்லை. வாரம் தவறாமல் கூட உட்கார்ந்து பார்ப்பதோடு சரி.

நாளைக்குத் தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போட்டுப்போக வேண்டிய சட்டையின் காலரை, தேய்த்ததையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மாமனார் கைபேசியை வாயருகே கொண்டுபோனார்.

“கேப்டன் பேசறேன்” என்றார். நிறுத்தினார். பதிவை அழித்தார்.

சன்னல் பக்கம் திரும்பினார். எதிர்க் கட்டடம் மூட்டத்தில் மொத்தமாகக் கரைந்துபோயிருந்தது. அதன் விளக்கு ஒன்று மட்டும், எதிலும் ஒட்டாமல், அந்தரத்தில் மிதந்தது.

பிறகு மறுபடி அழுத்தினார்.

“கேப்டன் பேசறேன். அந்தப் பொண்ண யாரும் திட்டாதீங்க. அவ செஞ்சதுதான் சரி. அவன் செத்துட்டான்னு என் வாயால சொல்ல வராது. ஆனா வரமாட்டான். அவ எறங்கிப் போகட்டும். ரேடியோவுல யாராவது பேசித்தான் ஆகணும்னா, அவனுக்கு அப்பன்னு ஒருத்தன் இருப்பான்ல, அவன் பேசிக்கட்டும்.”

அனுப்பிவிட்டு, கைபேசியை மேசையில் வைத்தார்.

இஸ்திரிப் பெட்டியைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

“ஏம்மா” என்றார், அவள் பக்கம் திரும்பாமலே. “உங்க கண்ணாடிக் கடையில லென்ஸ் வெட்டறவரு, அவர ஞாயித்துக்கிழம இங்க சாப்பிட வரச் சொல்லு. தெனமும் உன்னத் தெருமுனையிலயே எறக்கி விட்டுட்டுப் போறாரு. மேலேருந்து பாத்தா தெருமுனை நல்லாவே தெரியுது.”

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த மனிதர் அவளிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வராமல், அதைப் பற்றி மறுபடி பேசாமல், தினமும் வண்டியில் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தார்.

“மாமா” என்றாள்.

அவரை அப்படிக் கூப்பிடும் உரிமையை அவளுக்குக் கொடுத்தவன் சரக்குக் கப்பலில் இஞ்சின் வேலைக்குப் போனவன். அந்தக் கப்பல் புயலுக்குள் நுழையப் போவதாகக் கடைசியாகச் செய்தி அனுப்பி வருடங்களாகிவிட்டன. பலகைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மேசையில் கைபேசி மறுபடி துடித்தது. அவர் எடுக்கவில்லை. அவள்தான் குனிந்து பார்த்தாள்.

பல் டாக்டர் கேட்டிருந்தார்: ‘கேப்டன், விமானிக்கு அப்பா இருக்கிறதா தொடர்ல எங்கயுமே வரலையே?’